போதை சிகிச்சை ஆய்வுகளும் இணையக் கவனமும்: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பக்கத்தில் பல வண்ண வளையம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் எண் இருக்கும். அதுதான் ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண். செய்தித்தளம், வலைப்பதிவு, எக்ஸ் (முன்பு ட்விட்டர்), விக்கிப்பீடியா என்று கட்டுரை எங்கெல்லாம் பேசப்படுகிறதோ, அதையெல்லாம் எடை போட்டுக் கூட்டிச் சொல்கிறது. இதைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அந்தக் கூட்டலில் பாராட்டும் திட்டும் ஒன்றுதான்.

2019 ஜூனில் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழொன்றில் இ-சிகரெட்டையும் மாரடைப்பையும் தொடர்புபடுத்தும் கட்டுரை வந்தது. 'சிலருக்கு மாரடைப்பு வந்த பிறகுதானே இ-சிகரெட் பழக்கமே தொடங்கியது?' என்ற கேள்வி எழுந்து, 2020 பிப்ரவரியில் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதலில் வந்த செய்தி, அப்புறம் வந்த கண்டனம், திரும்பப் பெற்ற செய்தி மூன்றுமே அதே எண்ணைத்தான் ஏற்றும்.

அதனால் அறிக்கையில் எண்ணைக் குறிப்பதற்கு முன்னால், கட்டுரையைப் பற்றிய பதிவுகளைத் திறந்து படியுங்கள். எல்லாவற்றையும் படிக்க முடியாதா? சரி, ஐம்பதையாவது படியுங்கள். ஆய்வின் எந்தப் பாதி பரவியது என்பது அப்போதுதான் தெரியும். 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வை எடுத்துக்கொள்வோம். புகையை விட விரும்பிய 886 பேரில், இ-சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்றவர்களில் அது 9.9 சதவீதம். 'இரு மடங்கு பலன்' என்று தலைப்புக்கு வசதியான பாதி இது. சிகரெட்டை விட்டவர்களில், இ-சிகரெட் குழுவில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் அதையே இழுத்துக்கொண்டிருந்தார்கள், மற்ற குழுவில் 9 சதவீதம் பேர்தான் தங்களுக்குத் தந்ததைத் தொடர்ந்தார்கள் என்பது இன்னொரு பாதி. பழக்கத்திலிருந்து மீள நினைப்பவருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

பாதி மட்டும் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு இணையத்துக்கு முந்தைய உதாரணமே இருக்கிறது. 1980-இல் அதே இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் 4 பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவானது என்றது அது. 2017-இல் கணக்கெடுத்தபோது 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு, அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. வீட்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு அந்தக் கடிதம் ஆதாரமாகிப்போனது. 608 என்ற எண் மட்டும் கையில் இருந்தால் வெற்றிக்கதை போலத்தான் தோன்றும்.

பழைய கட்டுரையையும் புதியதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஆல்ட்மெட்ரிக் நிறுவனமே 2011-இல்தான் தொடங்கியது.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'லண்டன் ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று செய்தி வரும். எந்த இதழ், யார் எழுதியது, இணைப்பு எதுவுமே இருக்காது. மென்பொருள் அதை எப்படிப் பிடிக்கும்? வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அதன் கண்ணில் படாது. ஆகவே, எண் குறைவாக இருப்பதால் தமிழர்கள் பேசவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, எடைகளையும் பாருங்கள். ஒரு செய்தித்தளத்துக்கு அடிப்படை எடை 8, கொள்கை ஆவணத்துக்கு 3. ஒரே செய்திக்குறிப்பைப் பத்து தளங்கள் அப்படியே போட்டால் மதிப்பெண் எகிறிவிடும். போதை மறுவாழ்வு மையங்கள் பின்பற்றும் அரசு வழிகாட்டியில் ஒரு கட்டுரை இடம்பெற்றால் கிடைப்பது அந்த 3-தான். அறிக்கை எழுதும்போது கொள்கை ஆவணங்களுக்குத் தனி வரி ஒதுக்கி, எந்த வழிகாட்டி, எந்தப் பரிந்துரை என்று பெயரோடு குறிப்பிடுங்கள்.