ஆபீஸுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: பிரேக் பேட், பிரேக் ஆயில் எதை எடுப்பது?

வாரம் முழுக்க ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிறு அதே காரை இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி ரேஸ் டிராக்குக்கோ கொண்டுபோகிறவர்களுக்கான பதிவு இது. என்னுடையது போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஜாக்கி, ஆக்சில் ஸ்டாண்டு வைத்து வீல் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழக்கம் இல்லையென்றால் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

படி 1: பெடல் என்ன சொல்கிறது?

டிராக்கில் பிரேக் போய்விட்டது என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பெடல் எப்படி இருந்தது என்பதுதான். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தன் வெப்ப அளவைத் தாண்டிவிட்டது. பெடல் பொதபொதவென்று தரைவரை இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலில் உண்டான ஆவி அமுங்கிவிடும், திரவம் அமுங்காது. அதனால் உங்கள் கால் பலமெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது.

இரண்டில் ஆபத்து அதிகம் ஆயில் கொதிப்பதில்தான். பேட் சூடேறினால் வாசனை வரும், பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சுதாரிக்க நேரம் கிடைக்கும். ஆயில் முந்தைய வளைவில் நன்றாக இருந்திருக்கும், அடுத்த வளைவில் பெடலே இருக்காது. அப்படி ஆனால் பெடலை வேகவேகமாகப் பம்ப் செய்து, கியரைக் குறைத்துக்கொண்டே டிராக் ஓரத்தில் விட்டிருக்கும் அகலமான காலியிடம் (ரன்-ஆஃப்) பக்கம் போங்கள்.

டிராக்கில் மட்டும் ஏன் இப்படி? கணக்கு எளிது. ஆளோடு சேர்த்து 1,150 கிலோ காரை 50 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக்குக்குப் போகும் ஆற்றல் சுமார் 110 கிலோ ஜூல். அதே காரை 140-லிருந்து 60-க்குக் குறைத்தால் சுமார் 710. ஒரே அழுத்தில் ஆறு மடங்குக்கு மேல், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும். இருங்காட்டுக்கோட்டை சுற்று 3.7 கி.மீ., நடுவில் ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கரி 2.1 கி.மீ.தான். அங்கே வேகம் குறைவு, ஆனால் அடுத்த வளைவு சீக்கிரம் வந்துவிடும்.

படி 2: முதல் செலவு ஆயிலுக்கு

புதிதாக டிராக்குக்கு வருகிறவர்கள் நேராகப் பேட் விலை விசாரிக்கிறார்கள். என் கருத்து: முதல் தடவைக்குக் கம்பெனி பேட் போதும், ஆயிலை மட்டும் மாற்றுங்கள். காசு குறைவு, பலன் அதிகம்.

டப்பாவில் இரண்டு கொதிநிலை போட்டிருக்கும். ஒன்று புது ஆயிலுக்கு, மற்றது 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலுக்கு. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 தரத்துக்குக் குறைந்தபட்சம் 205, 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இவை எல்லாம் கிளைகால் வகை. காற்றின் ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு வருஷமாக மாற்றாத டாட் 4-ஐ நம்பி டிராக்கில் இறங்குவதும், 155-ஐ நம்பி இறங்குவதும் ஏறக்குறைய ஒன்று.

நான் போடுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600. புதிதாக இருக்கும்போது 312 டிகிரி தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் இன்னும் நல்லது, தண்ணீர் சேர்ந்த பிறகும் 270 வாக்கில் நிற்கும். ஆனால் அந்த விலைக்கு, என்னை மாதிரி எப்போதாவது ஓட்டுபவர் ஆர்பிஎஃப்-ஐயே இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம். டிராக் பக்கம் போகவே மாட்டேன் என்றால் இந்த ரேஸ் ஆயில் எதுவும் வேண்டாம். கார் மேனுவல் சொல்லும் டாட் 4-ஐ நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

500 மி.லி. பாட்டிலாக இரண்டு வாங்குங்கள். திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம்.

படி 3: பேட்

சாலைக்கான பேட் குளிரிலேயே பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் அதிக வெப்பத்தில் கைவிட்டுவிடும். முழு ரேஸ் பேட் இதற்கு நேர் எதிர். நன்றாகச் சூடேறும்வரை அதற்குப் பிடிப்பே வராது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வரும்போது அந்தப் பேட் ஜில்லென்று இருக்கும். அதனால் தினசரி ஓட்டும் காரில் முழு ரேஸ் பேட் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், யார் சொன்னாலும்.

நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது. ஈபிசி யெல்லோஸ்டஃப், ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரியானவை. இரண்டும் கீச்சிடும், அலாய் வீலில் தூசி அப்பும். அது தாங்காது என்றால் தினசரிக்குக் கம்பெனி பேட், டிராக்குக்கு முந்தின நாள் மாற்ற ஒரு தனி செட் என்று வைத்துக்கொள்ளலாம். நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். முன்பக்கம் மட்டும்தானே, ஒரு மணி நேர வேலை.

பேட் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்துகள் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து மித வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது அதிக வெப்பத்தில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. சின்னத் துண்டை ஆய்வகத்தில் தேய்த்து வாங்கிய எழுத்து அது. ஜிஜி என்று பார்த்ததும் டிராக் பேட் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு டிராக்குக்குப் போகாதீர்கள். பேட் மெலிந்தால் வெப்பம், அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாக நேராக ஆயிலுக்குப் போகும். விலை உயர்ந்த ஆயில் போட்டும் கொதித்தது என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயிண்ட் போய்விடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினாலே நகர வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் கிரீஸ் போடுங்கள்.

படி 4: ஆயில் மாற்றி ஏர் எடுப்பது

ஏர் எடுப்பது என்றால் பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. என்னை அரை நாள் சுற்றவிட்ட இடம் இது. கையால் இழுக்கும் வேக்யூம் பம்ப் கிட் ஒன்று வாங்கியிருந்தேன். காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கும் நிப்பிளில் மாட்டி இழுத்தால் குழாயில் குமிழ் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. பாட்டில் காலியாகும்போதும் குமிழ் நிற்கவில்லை. லைனில் எங்கோ ஓட்டை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓட்டை எதுவும் இல்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை இடுக்கு வழியாக வெளிக்காற்றைப் பம்ப் இழுத்துக்கொள்கிறது. காலிப்பருக்குள் இருப்பது சுத்தமான ஆயில், குழாயில் தெரிவது வெளிக்காற்று. மரையில் டேப் சுற்றச் சொல்வார்கள். நான் பம்பையே ஓரம் கட்டிவிட்டேன்.

பழைய இரண்டு ஆள் முறைதான் சிறந்தது. உள்ளே அழுத்தம் அதிகம் இருப்பதால் மரை வழியாகக் காற்று நுழைய வழியில்லை. வேண்டியவை நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய், அடியில் கொஞ்சம் ஆயில் விட்ட பாட்டில், சொன்னதைக் கேட்கும் ஒரு தம்பி. ஓபன் ஸ்பேனர் போட்டால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பழையதென்றால், அதன் பிஸ்டன் தினமும் போய்வராத தூரத்தில் துரு இருக்கலாம், தரைவரை மிதித்தால் அங்கே சீல் கிழியும். அப்புறம் ஆரம்பிக்கலாம். "அமுக்கு" என்றதும் தம்பி அமுக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க, பெடல் இறங்கும். நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும் காற்று உள்ளே போய்விடும். குழாயில் புது ஆயிலின் நிறம் வந்து, குமிழ் நிற்கும்வரை தொடருங்கள்.

டப்பாவை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். போலோ மேனுவலில் கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, கவனம். எந்த வீல் முதலில் என்பதற்கு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானதிலிருந்து தொடங்கு என்ற பழைய விதி எல்லாக் காருக்கும் பொருந்தாது. சர்வீஸ் மேனுவலில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். நிப்பிளை மெதுவாக இறுக்கினால் போதும், பலம் காட்டினால் முறிந்துவிடும்.

படி 5: பேட்டைப் பழக்குவது

புது தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான் இதுவும். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராக ஒட்ட வேண்டும். விடியற்காலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற இடத்தில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 60-லிருந்து 15 வரை நிதானமாக அழுத்திக் குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்துவிட்டு, பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேட்டோடு சிக்னலில் மிதித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் திட்டாக ஒட்டி, பிறகு ஸ்டீயரிங் அதிரும். பேட் கம்பெனி தனியாக முறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

டிராக் அன்றைக்கு

கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி முடியுங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். போலோ வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர் முறுக்கம், நடுவில் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: கமென்ட்டில் பலர் கேட்டது, 4-ஐ விட 5 பெரிதுதானே, டாட் 5 போடலாமா என்று. கூடாது. டாட் 5 சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் காருக்கு ஆகாது. 5.1 வேறு, அது டாட் 4-ஓடு சேரும்.

இன்னொன்று: காலிப்பரையே கழற்றி மாட்டிய ஒருவருக்கு எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் கெட்டியாகவில்லையாம். போட்டோ அனுப்பச் சொன்னேன். இடதும் வலதும் மாறி, நிப்பிள் கீழே இருந்தது. காற்று மேலே தேங்கும், நிப்பிள் மேலே இருந்தால்தான் அது வெளியே வரும். அதுவும் சரியாக இருந்து பெடல் பொதபொதவென்றே இருந்தால், டப்பா ஒருமுறை காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருக்கலாம். அதை எடுக்க ஸ்கேனர் வேண்டும், வீட்டில் முடியாது. காரை ஓட்டிக்கொண்டு போகாமல் டோ செய்து சர்வீஸுக்கு அனுப்புங்கள்.