அப்சிடியனில் கிட் மாற்றங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறிப்பெழுதும் செயலியான அப்சிடியனில், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கான ப்ளகினைப் போட்டதும் பலர் முதலில் செய்வது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே கமிட் ஆகும்படி, அதாவது அப்போதைய நிலை ஒரு செய்தியோடு பதிவாகும்படி, வைத்துவிடுவது. காப்புப் பிரதிக்கு அது போதும். ஆனால் ஒரு மாதம் கழித்து ஹிஸ்டரியைத் திறந்தால் 'வால்ட் பேக்கப்' என்ற ஒரே செய்தி, தேதி மட்டும் மாறி, நீளமாக ஓடும். எந்தக் கருத்தை எப்போது மாற்றினோம் என்று அதில் எப்படித் தேடுவது? இடைவெளியைக் கூட்டுங்கள். முக்கியமான குறிப்பைத் திருத்தி முடித்ததும் சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் ஒரு வரி எழுதி நீங்களே கமிட் செய்யுங்கள்.

ஒரே ஒரு குறிப்பைத் தொட்டிருப்போம். மாறிய கோப்புகள் பட்டியலில் ஒர்க்ஸ்பேஸ் ஜேசன் கோப்பும் நிற்கும். எந்தெந்தக் குறிப்பு திறந்திருக்கிறது என்பதை அப்சிடியன் அதில்தான் எழுதிவைக்கிறது. அதை, கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே கமிட் ஆகியிருந்தால் சேர்த்தாலும் பலனில்லை. கோப்பை அழிக்காமல் கிட்டின் கண்காணிப்பிலிருந்து மட்டும் ஒருமுறை நீக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது பத்திகள்தான். கிட் வரி வரியாக ஒப்பிடும். நாம் ஒரு பத்தியை என்டர் தட்டாமல் ஒரே வரியாக எழுதுகிறோம். ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் அழிந்து புதிதாக வந்ததுபோல் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதச் சொல்வார்கள். 'ஸ்ட்ரிக்ட் லைன் பிரேக்ஸ்' அமைப்பை இயக்காவிட்டால் அப்சிடியன் அந்த உடைப்புகளை அப்படியே காட்டும். படிக்க நன்றாக இருக்காது. டிஃபுக்காக, அதாவது இந்த ஒப்பீட்டுக்காக, எழுத்து நடையை மாற்றுவதைவிட, கட்டளை தட்டும் டெர்மினலில், சொல் சொல்லாக ஒப்பிடும் 'வேர்ட் டிஃப்' தேர்வோடு பார்ப்பதே மேல் என்பேன். தமிழுக்கும் அது சரியாக வரும், வேற்றுமை உருபு மாறினால் முழுச் சொல்லையும் காட்டும், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கிட்டுக்கு வெவ்வேறு. வேறொரு கீபோர்டில் அதே சொல்லைத் தட்டியிருந்தால், எதுவும் மாறாத வரி மாறியதாக நிற்கும். கோப்பு முழுவதுமே அப்படித் தெரிந்தால் விண்டோஸின் வரிமுடிவுக் குறியைச் சந்தேகியுங்கள். டெர்மினலில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் வெறும் எண்களாக வந்தால் பதற வேண்டாம். கிட்டின் 'கோட்பாத்' (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும்.

ஸ்டேஜ் செய்த, அதாவது அடுத்த கமிட்டுக்கென எடுத்துவைத்த, மாற்றம் சாதாரண டிஃபில் வராது, 'ஸ்டேஜ்டு' என்று கேட்டால்தான் வரும். காணவில்லையே என்று மறுபடி எழுதத் தொடங்கிவிடாதீர்கள்.

அப்புறம், மாற்றங்களைக் கைவிடும் டிஸ்கார்ட் பொத்தான். கமிட்டும் ஸ்டேஜும் செய்யாத எழுத்து கிட்டிடம் எங்கும் இருக்காது, அழுத்தினால் போய்விடும். டிஃபைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், அப்சிடியனின் 'ஃபைல் ரெக்கவரி'யைப் பாருங்கள். இயல்பாக அது 5 நிமிட இடைவெளியில் நகலெடுத்து 7 நாள் வைத்திருக்கும்.