ஷெல்எக்ஸ்எல் பாதியில் நின்றால் செய்யக் கூடாதவை

படிகக் கட்டமைப்பை ரிஃபைன் செய்யும் (அணு மாதிரியை அளந்த தரவோடு பொருந்தும்படி சீராக்கும்) நிரல் ஷெல்எக்ஸ்எல். அது திடீரென்று நின்றுவிட்டால், பலரும் முதலில் மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுகிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் ஃபோர்ட்ரானில் எழுதிய இந்த நிரல் ஒரே ஒரு இயங்கு கோப்புதான். சந்தேகமிருந்தால் நன்றாக ஓடிய பழைய கட்டமைப்பு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது ஓடினால் கோளாறு உங்கள் கோப்புகளில்தான்.

எங்கே என்பதை, நிரல் தன் ஓட்டத்தைப் பதிவு செய்யும் எல்எஸ்டி கோப்பின் கடைசி வரிகள் அநேகமாகச் சொல்லிவிடும். அதைத் திறக்காமலேயே ஓலெக்ஸ்2 போன்ற இடைமுகத்தில் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதில் பயனில்லை.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. ஓட்டம் முடிந்ததும், நிரல் முடிவாக எழுதும் ரெஸ் கோப்பை, அடுத்த ஓட்டத்தின் உள்ளீடான ஐஎன்எஸ் (கட்டளைகளும் அணுப் பட்டியலும் உள்ள கோப்பு) ஆக நகலெடுப்பது எல்லோருக்கும் கைப்பழக்கம். நிரல் இடையில் விழுந்திருந்தால் அந்த ரெஸ் காலியாக இருக்கலாம். பார்க்காமல் நகலெடுத்தால் அணுப் பட்டியல் மொத்தமும் போய்விடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஐஎன்எஸ் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கோப்புப் பெயரையும் கவனியுங்கள். ஐஎன்எஸ், அளந்த செறிவுகள் உள்ள எச்கேஎல் இரண்டுக்கும் முன்பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸ் நோட்பேட் சத்தமில்லாமல் பெயரின் பின்னால் .txt என்ற ஒட்டைச் சேர்த்துவிடும். லினக்ஸிலோ பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு.

எச்கேஎல் கோப்பை எக்ஸெலில் திறந்து சேமிக்கவே கூடாது. அதில் நிரல் படிப்பது இடைவெளியை வைத்து அல்ல, இடத்தை வைத்து: h, k, l என்ற மூன்று குறியெண்களுக்கும் 4 இடம் வீதம், செறிவுக்கு 8, அதன் பிழைக்கு 8. ஓர் எண் ஒரு இடம் நகர்ந்தாலும் வரி முழுவதும் தப்பாகிவிடும். நடுவில் வெற்று வரி வந்தால் தரவு அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும்.

கோப்பெல்லாம் சரி, ஆனால் ரிஃபைன்மென்ட் நிலையற்றது என்று சொல்லி நிற்கிறதா? அப்போது ஒவ்வொரு சுற்றிலும் மாற்றங்களை அடக்கி வைக்கும் டேம்ப் கட்டளையைப் போட்டுத் தப்பிக்கத் தோன்றும். போடலாம், ஆனால் அது காய்ச்சல் மாத்திரை மாதிரி. காரணம் அப்படியே இருக்கும். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். எல்லா அணுக்களையும் ஒரே ஓட்டத்தில் அனிசோட்ரோபிக் (அதிர்வு திசைக்குத் திசை வேறுபடலாம் என்ற மாதிரி) ஆக்கி, ஹைட்ரஜனும் சேர்த்து, ஒழுங்கற்ற கரைப்பானையும் பிரித்திருந்தால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒழுங்கற்ற தொகுதிக்கு, அதன் மாற்று நிலைகளைப் பிரித்துக் காட்டும் பார்ட் எண் தர மறந்திருக்கலாம். இல்லையென்றால் இடக்குழுவே (படிகத்தின் சமச்சீர் வகையே) தவறாக இருக்கலாம். தலைகீழ் மையம் உள்ள அமைப்பை அந்த மையம் இல்லாத பி1 இடக்குழுவில் ரிஃபைன் செய்தால், சமச்சீரால் ஒன்றாக வேண்டிய அணு இணைகளின் அளவுருக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கணக்கு ஆட்டம் காணும். பிளாட்டான் நிரலில் விடுபட்ட சமச்சீரைத் தேடும் ஆட்சிம் (ADDSYM) சோதனை இதைச் சட்டென்று காட்டும்.

அப்புறமும் பிடிபடவில்லை என்றால், தெரிந்தவரிடம் கேட்கும்போது திரையின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். ஐஎன்எஸ், எச்கேஎல், எல்எஸ்டி மூன்றையும், நிரலின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.