பறக்கும் அணிலைப் பார்க்கப் பழகுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பெரிய பறக்கும் அணில் கிடையாது. அதற்கு அடர்ந்த காடும் பொந்து விழுந்த முதிர்ந்த மரங்களும் வேண்டும். காவிரி பிறக்கிற குடகிலும், ஆனைமலையிலும் இருக்கிறது. ஆனாலும் இருட்டில் பார்க்கிற பழக்கத்தை ஊரிலேயே ஏற்படுத்திக்கொண்டு மலையேறுவதுதான் நல்லது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டு அணில் பகலில் திரியும். இது இரவில் மட்டும். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 3 அடி, அதில் பாதிக்கு மேல் வால். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை ரோமம் மூடிய தோல். மணிக்கட்டின் வெளிப்பக்கம் ஒரு குருத்தெலும்பு உண்டு. அதை நீட்டினால் தோல் படகுப் பாய் மாதிரி விறைத்து நிற்கும். உயரத்திலிருந்து பாய்ந்து, சரிந்து வந்து, கடைசியில் உடம்பை நிமிர்த்தி அடுத்த மரத்தண்டில் நான்கு காலாலும் ஒட்டிக்கொள்ளும். சிறகடிப்பு இல்லாததால் போகப் போக உயரம் குறையும். ஒட்டியதும் விறுவிறுவென்று மேலே ஏறும், அப்புறம் மறுபடி பாய்ச்சல். அதனால் வானத்தைத் துழாவாமல் மரத்தண்டுகளைப் பாருங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். குளக்கரை அரசமரமோ இலுப்பையோ போதும். பொழுது சாயும்போது, மரத்துக்குப் பின்னால் மேற்கு வெளிச்சம் இருக்கிற மாதிரி உட்காருங்கள். அரை மணி நேரம் டார்ச்சைத் தொடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். பழந்தின்னி வௌவால் கிளம்பும்போது அதன் சிறகடிப்பைக் கவனியுங்கள். அது மனதில் பதிந்துவிட்டால், அடிக்காமல் சறுக்கிப் போகிற உருவம் தனியாகத் தெரியும்.

அடுத்தது கண்ணொளி, அதாவது வெளிச்சம் பட்டதும் விலங்கின் கண் மினுங்குவது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, தென்னந்தோப்பில் மெதுவாகச் சுற்றுங்கள். மரநாயின் கண் மின்னும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் அந்த மினுக்கம் உங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது. பலர் தவறவிடுவது இதனால்தான்.

அத்தி மரத்தையும் அடையாளம் பழகுங்கள். ஆற்றங்கரைகளில் நிற்கும், தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பறக்கும் அணிலுக்கு அத்திப்பழம் உயிர். இலை, பட்டை, பூவும் தின்னும்.

மலைக்குப் போகும்போது வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. யானை நடமாட்டம் உண்டு. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவற்றின் ஓரத்தில் நின்றே பார்க்கலாம். பொந்தைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அது உள்ளே இருக்கலாம்.

விலங்கைக் கண்டால் சில விநாடிக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். எந்த மரம், என்ன நேரம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வந்து ஒட்டியது, என்ன தின்றது என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். படம் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை.