டேப்பும் தெரு வரைபடமும் எடுத்துக்கொண்டு பகுதி சபைக்குப் போங்கள்

பகுதி சபையில், அதாவது பகுதி மக்கள் கவுன்சிலருடன் கூடி உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசும் கூட்டத்தில், "ரோடு சரியில்லை, நடக்க இடமில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அளந்து சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும்.

ஞாயிறு காலை தெருவாசிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து நடங்கள். ஒரு பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை, முடிந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் கட்டாயம் இருக்கட்டும். அவர்கள் தயங்கி நிற்கும் இடம்தான் நமக்குப் பாடம். கையில் அளவு டேப், பெரிய தாளில் கையால் வரைந்த தெரு வரைபடம் போதும்.

சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மொத்த அகலத்தை அளக்காதீர்கள். பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), மரம், கடைப் படிக்கட்டு போக மிச்சமிருக்கும் இடத்தை அளந்து, அந்தந்த இடத்திலேயே வரைபடத்தில் எழுதுங்கள். ஏறவே முடியாத உயரமா? டேப்பை வைத்தே போட்டோ எடுங்கள். மழைநீர் தேங்கும் இடம், எரியாத விளக்குக் கம்பத்தின் எண் இவற்றையும் குறித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் நகரப் பகுதிகளில் 2022 முதல் பகுதி சபை நடக்கிறது. பலருக்கு இது தெரியாததுதான் வருத்தம். வரைபடத்தை அங்கே விரித்து வைத்து, முதலில் செய்ய வேண்டிய மூன்றை மட்டும் கேளுங்கள். தீர்மானத்தில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு, மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.