சின்ன ஏர்போர்ட்டில் விமானம் நிறுத்த இடம் திட்டமிடுவது எப்படி

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர், நீளம் 8.3 மீட்டர், ஆக அது அடைக்கும் இடம் சுமார் 91 சதுர மீட்டர். அப்படியானால் பத்து விமானத்துக்கு ஆயிரம் சதுர மீட்டர் போதும் என்று யாராவது கணக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விமானத்துக்கு இடம் போடுவது எளிது, அது வெளியே போகிற வழிக்கு இடம் போடுவதுதான் வேலை.

கணக்கை இப்படிப் போடுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் விமான நிலைய விதித்தொகுப்பு, அனெக்ஸ் 14-படி இறக்கை 15 மீட்டருக்குக் குறைவான விமானம் ஏ வகை. நிறுத்துமிடத்தில் பக்கத்து விமானத்தோடு 3 மீட்டர் இடைவெளி வேண்டும், முன்னால் போகிற டாக்ஸிலேனின், அதாவது விமானம் நிறுத்துமிடத்துக்கு உருண்டு வந்துபோகும் வழியின், நடுக்கோட்டிலிருந்து எந்தப் பொருளும் 12 மீட்டருக்குள் வரக்கூடாது. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, மூக்குகள் நடுவழியைப் பார்த்தபடி: அகலம் 70 மீட்டர், ஆழம் வழிக்கு 24, விமானங்களுக்கு 16.6, இரண்டு வரிசையின் வால் பக்கமும் தலா 3 மீட்டர் விட்டால் மொத்தம் 46 மீட்டரைத் தாண்டும். விமானம் ஒன்றுக்கு ஏறக்குறைய 330 சதுர மீட்டர்! நாளைக்கு இரட்டை எஞ்சின் கிங் ஏர் பி200 ஒன்று வந்து தங்கும் என்றால் அதன் இறக்கை 16.6 மீட்டர், பி வகை, வழி 33 மீட்டர் ஆகிவிடும். அதனால் எல்லா வழியையும் அகலப்படுத்த வேண்டாம், பெரியதுக்கு ஏப்ரனின், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தின், நுழைவாயில் ஓரமாகவே இடம் ஒதுக்கிவிடுங்கள், உள்ளே வரவே வேண்டியதில்லை.

எத்தனை விமானம் என்பதில் இரண்டு எண்ணிக்கை எடுங்கள். பயிற்சிப் பள்ளி இருக்கிற இடத்தில் பகலில் பாதி வானத்தில் இருக்கும், ராத்திரி எல்லாம் வீடு திரும்பும், வெளியூர் விமானங்களோ பகலில்தான் வந்து நிற்கும். ராத்திரிக் கணக்கு ஒன்று. புயல் எச்சரிக்கை வந்த அன்று எல்லாவற்றையும் கூரைக்குள் தள்ள வேண்டியிருக்குமே, அந்தக் கணக்கு இன்னொன்று. பெட்டி மாதிரியான பொது ஹேங்கர் (விமானக் கொட்டகை) இந்த இரண்டாவதுக்குக் கைகொடுக்கும், ஏனென்றால் மேல் இறக்கை செஸ்னாவின் கீழே தாழ் இறக்கை பைப்பரின் இறக்கையை நுழைத்து நெருக்கி வைக்கலாம். ஆனால் தினமும் அப்படி அடுக்கினால் உள்ளே இருப்பதை எடுக்க வெளியே இருக்கிற மூன்றை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு கீறல் காத்திருக்கிறது. தனித்தனி உரிமையாளர்கள் இருந்தால் டி-ஹேங்கர்தான் நிம்மதி. அதில் அறைகள் டி வடிவில் மாறி மாறிப் பொருந்தும், வால்களுக்கு இடம் மிச்சம். ஆனால் கதவு இரண்டு பக்கமும் இருக்கும், ஆகவே டாக்ஸிலேனும் இரண்டு பக்கமும் வேண்டும். இதை மறந்துவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் நிலம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கிறது.

ஹேங்கரின் அளவைத் தீர்மானிப்பது தரையல்ல, கதவு. செஸ்னா 2.7 மீட்டர் உயரம்தான், கிங் ஏரின் வால் 4.6 மீட்டர். மடிந்து மேலே போகிற கதவு திறந்திருக்கும்போது வாசலின் உயரத்தில் கொஞ்சம் தின்றுவிடும், தயாரிப்பாளரிடம் திறந்த நிலையில் மிஞ்சும் உயரத்தைக் கேளுங்கள். நகரும் கதவு விலை குறைவு, ஆனால் பக்கத்தில் ஒதுங்க இடம் வேண்டும், தண்டவாளத்தில் மண் சேரும், யாராவது தினமும் பெருக்க வேண்டும்.

எங்கே கட்டுவது? ஓடுபாதைக்குப் பக்கத்தில் வைத்தால் டாக்ஸி தூரம் குறையும் என்று ஆசை வரும். விதி விடாது. கருவி உதவியோடு இறங்கும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட ஓடுபாதைக்கு நடுக்கோட்டிலிருந்து 140 மீட்டர் வரை ரன்வே ஸ்டிரிப், அதாவது கட்டடம் எதுவும் வரக்கூடாத நிலம், அதற்கு அப்பால் ஒவ்வொரு 7 மீட்டருக்கும் 1 மீட்டர் உயரம்தான் அனுமதி. 7 மீட்டர் உயர ஹேங்கர் என்றால் 189 மீட்டர் தள்ளித்தான் கட்ட முடியும். சேலம் மாதிரி ஏடிஆர் 72 என்கிற சுழல்விசிறிப் பயணிகள் விமானம் வந்துபோகிற நிலையத்தில் இன்னொன்றும் பாருங்கள்: அது திரும்பும்போது பின்னால் தள்ளுகிற காற்று நேராகச் சின்ன விமானங்கள் மேல் அடிக்கக்கூடாது. பயணிகள் ஏப்ரனையும் பயிற்சி ஏப்ரனையும் பிரித்து வைப்பதே நல்லது.

வெளியே நிற்பவற்றைக் கட்டிப்போட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், செஸ்னாவோ காலியாக முக்கால் டன்தான், அதோடு பறப்பதற்கென்றே செய்தது! கான்கிரீட் போடும்போதே வளையங்களைப் பதித்துவிடுங்கள்: இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பிடிப்பும் சுமார் 3,000 பவுண்ட், அதாவது 1,360 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. கயிறு நைலான் அல்லது பாலியெஸ்டர். மணிலா கயிறு நனைந்தால் சுருங்கி விமானத்தையே இழுக்கும். வரிசையைப் பலத்த காற்று வரும் திசைக்கு மூக்கு காட்டும்படி அமைத்தால் பாதிக் கவலை போயிற்று.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். அங்கே இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. நிறுத்துமிடத்தின் சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சரிவு ஹேங்கரிலிருந்து விலகிப் போக வேண்டும், மழைநீர் மட்டுமில்லை, சிந்திய எரிபொருளும் அந்தப் பக்கமே ஓடும். எரிபொருள் நிரப்பும் இடத்தில் தார் வேண்டாம், அவ்கேஸ் (சின்ன விமானங்களின் பெட்ரோல்) பட்டால் இளகிவிடும், கான்கிரீட்டே போடுங்கள். கழுவுமிடத்தின் வடிகாலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வையுங்கள்.

கடைசியாக, முதல் ஹேங்கரை நிலத்தின் நடுவில் கட்டாதீர்கள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அடுத்த வரிசைக்கான டாக்ஸிலேனை இன்றே வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கி, அந்தக் கோட்டுக்குள் செப்டிக் டேங்கோ மின்கம்பமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.