ஒரே வால்வின் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடுவது) சரிசெய்தும் திரும்பத் திரும்ப விரிகிறதா?
வீட்டிலேயே பிரித்துக் கோர்த்த பழைய எம்ஜிபி காரின் 1798 சிசி என்ஜின் டிக்டிக்கென்று தட்டி, கார்புரேட்டர் வழியாகத் தும்மினால், உடனே கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். (நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படித்தான் தொலைத்தேன்.) ராக்கர் மூடியைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றுங்கள். எட்டு புஷ்ராடுகளும் (ராக்கர்களைத் தள்ளும் கம்பிகள்) எவ்வளவு உயர்கின்றன என்று டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால், கேம்ஷாஃப்ட்டில் (வால்வுகளை இயக்கும் சுழல்தண்டு) அதைத் தூக்கும் மேடு தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளவு நன்றாகவே காட்டலாம். அதை நம்பி ஏமாற வேண்டாம். அந்த டாப்பெட்டை (கேம் மேட்டுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உள்ள உருளை) உருவி அடிப்பாகத்தை விரலால் தடவுங்கள். குழிந்திருந்தால் கேம்ஷாஃப்ட்டையும் எட்டு டாப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதைப் பூட்டியதும் ஐட்லிங்கில் விடாமல், முதல் 20 நிமிடம் சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஓடட்டும்.